இரண்டாம் மிதியில் நிற்கும் லாரி

என் வீட்டுக்காரரின் வலது கால் எதையும் ஒரே தடவை மிதித்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் போகும்போது எதிரே மாடு வந்தால், பஸ் டிரைவர் பிரேக் போடுவதற்கு முன்னால் இவர் கால் பலகையை இரண்டு தடவை அமுக்கும். மாட்டு வண்டியில் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான். லுங்கிக்குள் முட்டி டுப்பு டுப்பென்று இரண்டு தரம் எழுந்து இறங்கும். அது அவருக்கே தெரியாது. சொன்னால், "போடி, உனக்கு வேற வேலையில்ல" என்பார்.

எங்களுக்கு ஐயம்பேட்டை. கொஞ்சம் நிலம், ஒரு கிணறு, அதோடு ஒரு பழைய லாரி. அறுபதுகள் முடிந்து எழுபதுகள் தொடங்கிய சமயம் அது. பாலாற்று மணலும் சூளைச் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு அந்த லாரி ஓடியது. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். லாரியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பிறந்த வீட்டுக்குப் போகும்போது அவர் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்து போவேன், அவ்வளவுதான். ஆனால் பயந்தவள் கண் சும்மா இருக்காது. ரோட்டைப் பார்க்கப் பயந்து அவர் காலையே பார்த்துக்கொண்டு போவேன். அதனால்தான் அந்த இரண்டு மிதி எனக்குத் தெரியும். முதல் மிதிக்கு வண்டி சும்மா போய்க்கொண்டிருக்கும். இரண்டாவது மிதிக்குத்தான் நிற்கும். லாரி என்றாலே அப்படித்தான் போலிருக்கிறது என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பங்குனியில் எங்கள் மகளுக்குக் காது குத்துவதாக இருந்தது. எங்கள் குலதெய்வம் தென்னேரி ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிற அம்மன். சொந்தக்காரர்கள் எல்லாரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போவது என்று பேச்சு. எங்கள் பக்கத்தில் அன்று யார் வீட்டு நல்லது என்றாலும் அதுதான் வழக்கம். லாரிக்குள் வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் போட்டு, கிழவிகளையும் பிள்ளைகளையும் கேபினை ஒட்டி உட்காரவைத்து, அண்டா குண்டா, ஆடு, விறகு எல்லாம் பின்னால் போட்டுக்கொண்டு போவார்கள்.

அதற்கு முந்தின மாதம் வீட்டுக்காரர் முன்னால் இரும்பு ஹேண்டிலைப் போட்டுச் சுற்றி வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது அது திருப்பி அடித்து இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. புத்தூர்க் கட்டு போட்டுக்கொண்டு வந்தார். கை கழுத்தில் தொங்கியது. வண்டி ஓட்ட முடியாது. சும்மா நிற்கிற நேரத்தில் பிரேக் வேலையைப் பார்த்துவிடலாம் என்று, எங்களுக்கு அந்த லாரியை விற்ற டீலரின் பட்டறையிலிருந்து ஆளை வரவழைத்து ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார். காது குத்துக்கு வண்டியை என் தம்பி ஓட்டுவது என்று முடிவாயிற்று. அவன் செங்கல்பட்டில் ஒரு ரைஸ்மில்லில் லாரி டிரைவர். தாய்மாமன் அவன்தானே, அவன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். "மாமன் ஓட்டிக்கினு போனா சீரோட சீரா ஆயிடுச்சு" என்று எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

டீலரின் பட்டறை காஞ்சிபுரத்துக்குள் நுழைகிற இடத்தில், வாலாஜாபாத் ரோட்டின் மேலே இருந்தது. டீலர் பெரிய உடம்புக்காரர். வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டு கிரீஸ் இருக்காது. அவரிடம் ஒரு பழக்கம். வண்டி விற்றாலும் சரி, ரிப்பேர் செய்தாலும் சரி, பணத்தைக் கையில் வாங்கமாட்டார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் பணத்தை வைத்து, வண்டிக்காரன் வீட்டுப் பெண்பிள்ளை கையால் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் அந்த வண்டி மறுபடியும் பட்டறைக்கு வராதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு என்று ஊருக்கே தெரியும். தாம்பாளத்தை அவர் வாங்கிக்கொண்டால் கணக்கு முடிந்தது. அதற்குப் பிறகு "அது சரியில்லை, இது சரியில்லை" என்று போய் நிற்க முடியாது. "லட்சுமி கையால வாங்கினேன், இப்ப வந்து மூக்கால அழுவுறியே" என்பார். அதனால்தான் காது குத்துக்கு முந்தின நாள் நானும் வீட்டுக்காரரோடு பட்டறைக்குப் போக வேண்டியதாயிற்று.

போன உடனே மனசுக்கு ஒப்பவில்லை. கொட்டகைக்குள் எங்கள் லாரி இருட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. நான்கு பக்கமும் கழுவிவிட்டிருந்தார்கள். முன்கண்ணாடியில் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். குங்குமம் வழிந்து கீழே கோடாக இறங்கியிருந்தது. எனக்கு அது நல்ல சகுனமாகப் படவில்லை. வாயைத் திறக்கவில்லை. மறுநாள் வீட்டில் நல்லது. முந்தின நாள் வாயிலிருந்து கெட்ட வார்த்தை ஒன்று வரக்கூடாது என்று காலையிலேயே அவர் என்னிடம் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தார். "நீ எதுனா அபசகுனமா பேசின, அங்கயே வுட்டுட்டு வந்துருவேன் பாத்துக்க."

டீலர் ஒரு கூடையைக் காலால் தள்ளிக் காட்டினார். தேய்ந்து கறுத்த பழைய பிரேக் லைனிங்குகள், சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற பட்டைகள், அதில் கிடந்தன.

"பாத்துக்கப்பா. எல்லா வீலும் புது லைனிங். ஒரிஜினல். மெட்ராஸ்லேர்ந்து ஆளனுப்பி வாங்கியாந்தேன். நீ சொன்ன வேலை சுத்தமா முடிஞ்சிட்ச்சு. ஏறி மிதிச்சுப் பாரு."

வீட்டுக்காரர் ஒற்றைக் கையால் கதவைப் பிடித்துத் தொற்றி ஏறினார். கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு பிரேக்கை மிதித்தார். முகம் மலர்ந்தது.

"சும்மா கல்லு மாதிரி இருக்குது மொதலாளி!"

"பின்ன இன்னா? நம்ம பட்டறை வேலைன்னா சும்மாவா?" என்று டீலர் திரும்பி, "ஏம்மா, தாம்பாளம் எட்தாந்தியா?" என்றார்.

தாம்பாளம் என் பையில்தான் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. திறந்த கதவு வழியாக அவர் முட்டியைப் பார்த்திருந்தேன். டுப்பு டுப்பு. இரண்டு தரம்.

கிட்டே போய் மெல்ல, "ஏங்க, ஒரே வாட்டி மிதிச்சிப் பாருங்களேன்" என்றேன்.

"ஒரே வாட்டிதான் மிதிச்சேன்."

"இல்லங்க. ரெண்டு வாட்டி."

"எனக்குத் தெரியாதா உனக்குத் தெரியுமா?"

"சரி, இப்ப ஒண்ணே ஒண்ணு மிதிங்க. நான் பாக்குறேன்."

அவர் என்னை முறைத்துவிட்டு மிதித்தார். இரண்டு. அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போல. குனிந்து தன் காலைப் பார்த்தபடி மறுபடியும் மிதித்தார். கால் ஒரு தடவை போயிற்று, நின்றது, பிறகு சும்மா இருக்க முடியாமல் இன்னொரு தடவையும் போயிற்று. பக்கத்தில் நின்ற ஃபிட்டர் சிரித்துவிட்டான்.

"அண்ணன் காலு தறி மிதிக்கிற காலு மாதிரி ஆயிட்ச்சுபா!"

எனக்கு அந்தச் சிரிப்பில் சேர முடியவில்லை. அப்போதுதான் விஷயம் எனக்குப் பிடிபட்டது. இந்த வண்டியை நாளைக்கு ஓட்டப்போவது இந்தக் கால் இல்லை. என் தம்பியுடைய கால். நல்ல பிரேக் வண்டி ஓட்டிப் பழகின கால். ஒரு தடவை மிதித்துவிட்டு வண்டி நிற்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்கும்.

தென்னேரிக் கரை என் கண்ணுக்கு முன்னால் வந்தது. எங்கள் பக்கம் எல்லாம் சமதளம். ரோட்டில் மேடு பள்ளமே கிடையாது. இருக்கிற ஒரே இறக்கம் அந்த ஏரிக்கரையிலிருந்து கோயிலுக்கு இறங்குகிற இடம்தான்.

"நீங்க எறங்குங்க" என்றேன்.

"எதுக்கு?"

"நான் மிதிக்கிறேன்."

பட்டறையில் இருந்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் அன்றைக்கு ஒரு பெண்பிள்ளை லாரி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தால் சினிமா பார்ப்பது போலப் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். அவர் இறங்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தார்.

"எது பிரேக்கு?"

"நடுவுல இருக்குறது" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

மிதித்தேன். கால் போயிற்று, போயிற்று, பலகை வரைக்கும் போயிற்று. சேற்றில் கால் வைத்தால் உள்ளே போகுமே, அப்படி. எதிர்த்து எதுவும் வரவில்லை. காலை எடுத்து இரண்டாவது தடவை மிதித்தேன். அப்போது இறுக்கமாக நின்றது. அவர் சொன்னது போலக் கல்லு மாதிரி.

"மொத மிதி இல்ல" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

டீலர் கிட்டே வந்தார். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

"அம்மா, லைனிங் புதுசு. உக்கார்ற வரைக்கும் அப்டித்தான் இருக்கும். ரெண்டு நடை போயி வந்தா சரியாப் போயிடும்."

"லைனிங் போடறதுக்கு முந்தியும் இப்படித்தான் இருந்துச்சு."

"அப்ப அது பம்பும்மா. மிதிச்சா ஆயில தள்ளுற மாஸ்டர் சிலிண்டரு. அத பாக்கச் சொல்லி யாரு சொன்னா? உன் வூட்டுக்காரரு இன்னா சொன்னாரு? லைனிங் போடுன்னாரு. போட்டேன். பம்பு வோணும்னா மெட்ராஸ்லேர்ந்து வரணும். பத்து பாஞ்சு நாளாவும்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. நாங்கள் கேட்ட வேலையை அவர் செய்திருந்தார். வீட்டுக்காரருக்கு முதல் மிதி இல்லாதது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை, அதனால் அதைச் சொல்லவும் இல்லை. லைனிங்குக்குப் பணம் கொடுப்பது நியாயம். கொடுத்தால் வண்டி வெளியே வந்துவிடும். வந்தால் நாளைக் காலை அதில் எல்லாரும் ஏறுவார்கள். கொடுக்காவிட்டால் வண்டி வராது. பட்டறை வழக்கம் அப்படி. பணம் என் முந்தானை முடிச்சில் கனத்தது.

வீட்டுக்காரர் கீழே இறங்கி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "இன்னாடி, மானத்த வாங்குற? நாளு கெழமைல இன்னா பேச்சு இது? ரெண்டு வாட்டி மிதின்னு மாப்ள கையில சொன்னா முடிஞ்சிது. அவன் இன்னா சின்னப் பையனா?"

"அவன் காலு கேக்காதுங்க. உங்க காலு கேட்டுதா இப்ப?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு லாரிப் பக்கம் போனார்.

அந்த நேரத்துக்குத்தான் தம்பி வந்து சேர்ந்தான். செங்கல்பட்டு பஸ்ஸில் பெண்டாட்டி பிள்ளையோடு வந்து, அவர்களை ஐயம்பேட்டையில் இறக்கிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வரலாம் என்று அதே பஸ்ஸில் நேராகப் பட்டறைக்கு வந்திருந்தான். தோளில் சீர்ப் புடவை மூட்டை. "இன்னாக்கா, மூஞ்சி இப்படி வச்சிக்கினு இருக்குற? காது குத்துறது உனக்கா பாப்பாவுக்கா?" என்று சிரித்தான்.

டீலருக்கு அவனைப் பார்த்ததும் ஒரு யோசனை. "நல்ல நேரத்துல வந்தேபா. நாளைக்கி ஓட்டப்போறவன் நீதானே? ரோட்ல கொஞ்ச தூரம் எட்த்துக்கினு போயி வா. பிரேக்கு எப்படி இருக்குதுன்னு நீயே சொல்லு." என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "நீ ஒண்ணும் சொல்லக்கூடாதும்மா. சொல்லிக் குடுத்தா அவன் சொல்றது எப்படி நெசமாவும்? அவன் சரியில்லன்னு சொன்னான்னா நான் பைசா வாங்கல, போதுமா?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அவன் கால் தெரியாமல் மிதித்தால்தான் உண்மை தெரியும். தெரிந்து மிதித்தால் தெரியாது. வீட்டுக்காரரும் "ஆமா, அப்படியே செய்யி" என்றார். நான் தலையாட்டினேன். ஆட்டின பிறகுதான் நான் எதற்குத் தலையாட்டினேன் என்று புரிந்தது. அந்த ரோடு சந்தை ரோடு போல. வண்டி மாடு, சைக்கிள், பட்டு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு போகிறவர்கள், கோயிலுக்கு வந்த வெளியூர்க் கூட்டம். என் தம்பியை, ஒன்றும் சொல்லாமல், அதற்குள் அனுப்பிவிட்டு நான் வாசலில் நிற்க வேண்டும்.

ஃபிட்டர் ஹேண்டில் போட்டான். வண்டி உறுமியது. கொட்டகைத் தகரம் எல்லாம் அதிர்ந்தது. தம்பி மூட்டையை என் கையில் கொடுத்துவிட்டு ஏறினான். லாரி இருட்டிலிருந்து பின்பக்கமாக வெளியே வந்து, ரோட்டில் திரும்பி, நிமிர்ந்து ஓடத் தொடங்கியது. நான் மூட்டையை மார்போடு கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். உதட்டில் ரத்தம் வந்துவிட்டது, பிறகுதான் பார்த்தேன்.

முன்னால் வைக்கோல் பாரம் ஏற்றின வண்டி ஒன்று ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. பாரத்தின் உச்சியில் ஒரு ஆள் மல்லாந்து படுத்திருந்தான். லாரி அதன் பின்னால் நெருங்கிக்கொண்டே போயிற்று. நெருங்குகிற வேகம் குறையவில்லை. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

"ரெண்டு வாட்டி மிதிடா! ரெண்டு வாட்டி!"

நான்தான் கத்தினேன். ரோட்டில் போனவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். லாரி வைக்கோல் வண்டிக்குச் சற்றுப் பின்னால் சட்டென்று நின்றது. படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்து பின்னால் பார்த்து ஏதோ திட்டினான்.

தம்பி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தி இறங்கினான். முகம் வெளிறியிருந்தது. "ஏங்க்கா அப்படிக் கத்துன? எனக்கு ஒண்ணுமே புரியல. கேட்டுச்சு, மிதிச்சேன்."

"எப்படிப் புடிச்சிது, அத சொல்லு மாப்ள" என்றார் வீட்டுக்காரர். அவர் கண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

தம்பி அவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடியும் அவரைப் பார்த்தான். "புடிச்சிது மாமா" என்றான்.

டீலர் கைகளைத் தட்டினார். "அவ்ளதான். எடும்மா தாம்பாளத்த."

இருந்த ஒரு வழியையும் நானே கெடுத்துக்கொண்டேன். பொறுமையாக நின்றிருந்தால் தெரிந்திருக்கும். அல்லது வைக்கோல் பாரத்தின் மேல் படுத்திருந்தவன் செத்திருப்பான். எதையும் எடுத்துக்காட்ட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. சேற்றில் போனது போல என் காலுக்குத் தெரிந்த அந்த ஒரு மிதி மட்டும்தான்.

"குடுக்க மாட்டேன்" என்றேன்.

"இன்னாம்மா வெளாட்றியா? உன் தம்பியே சொல்லிட்டான்."

"சொன்னான். நான் குடுக்க மாட்டேன். வண்டி இங்கயே இருக்கட்டும். நாங்க பஸ்ல போறோம்."

வீட்டுக்காரர் விறுவிறுவென்று ரோட்டில் இறங்கி நடந்தார். அன்று ஐயம்பேட்டை வரைக்கும் அவர் முன்னால், நான் பின்னால், நடுவில் தம்பி. அவன் ஏன் யாரோடும் பேசாமல் வந்தான் என்று அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை. என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் கூடின சொந்தக்காரர்கள் பேசின பேச்சை இப்போது நினைத்தாலும் காது கூசுகிறது. "சொந்த லாரிய வச்சிக்கினு பஸ்ல போறவங்கள இன்னிக்கித்தான் பாக்குறேன்." "இவளுக்குப் பயத்துலயே உசுரு போவும்." "ஆட்ட யாரு மடியில வச்சிக்கறது?" வீட்டுக்காரர் வரமாட்டேன் என்று கையைக் காரணம் காட்டி நின்றுவிட்டார். பெற்ற அப்பன் இல்லாமல் காது குத்துவதா என்று அதற்கு வேறு பேச்சு. அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வாலாஜாபாத் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. தென்னேரியில் இறங்கி, அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு கரைமேல் நடந்தோம். ஏரி நிறையத் தண்ணீர். காற்றே இல்லை. தண்ணீர் அசையாமல் தகடு போல் கிடந்தது. கரையிலிருந்து கோயிலுக்கு இறங்குகிற இடத்துக்கு வந்ததும் நான் நின்றுவிட்டேன். நான் நினைத்திருந்ததைவிடச் செங்குத்தாக இருந்தது. இறக்கம் முடிகிற இடத்தில் ரோடு வளைந்து போகவில்லை, நேராகப் போய்க் கோயில் திடலில் முடிந்தது. அங்கே வேறொரு ஊர்க் கூட்டம் எங்களுக்கு முன்னால் வந்து, ரோட்டின் வாய்க்கு நேரே, வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தது. பெண்கள் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார்கள். குழந்தைகள் அடுப்பைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன.

எங்கள் ஆட்கள் சறுக்கிச் சறுக்கி, ஒருத்தரையொருத்தர் பிடித்துக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். தம்பி மட்டும் என் பக்கத்தில் நின்றான். பாப்பா அவன் தோளில் இருந்தாள். அவன் கீழே இருந்த அடுப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"க்கா."

"இன்னாடா?"

"நேத்து மொத மிதி கீழ போயிடுச்சுக்கா. நீ கத்தறதுக்கு முன்னாடியே மிதிச்சிட்டேன். ஒண்ணுமே இல்ல. காலு அப்படியே கீழ போயிடுச்சு. அப்பறந்தான் நீ கத்துன."

"ஏண்டா அப்பவே சொல்லல?"

"மாமா மூஞ்சிய பாத்தேன். மறுநாள் காதுகுத்து. நான் இல்லன்னு சொன்னா அது நல்லாவா இருக்கும்? நாமதான் பாத்து பாத்து ஓட்டிக்கலாமேன்னு நெனச்சிக்கினேன்." அவன் கண் அடுப்புகளை விட்டு நகரவில்லை. "இது இப்படி எறங்கும்னு எனக்குத் தெரியாதுக்கா. பஸ்லயும் மாட்டு வண்டியிலயும் வந்தப்போ ஒண்ணும் தெரியல, லாரிய இதுல எறக்குனதே இல்ல."

அவன் மடியில் வைத்து ஆசாரி பாப்பாவுக்குக் காது குத்தினார். அவள் வீறிட்டு அழுதாள். மாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் பிடி தளர்ந்தது, இன்னொருத்தர் வந்து தலையைப் பிடித்தார். "மாமன் அழுவுறான் பாரு" என்று சிரித்தார்கள்.

நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது. மாலை போட்டிருந்தார்கள். தெருப் பிள்ளைகள் பின்னால் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் டிரங்குப் பெட்டியில் திரும்ப வைத்திருந்த பணம் இல்லை. தாம்பாளமும் இல்லை.

"குடுத்துட்டேன்" என்றார். "லைனிங் போட்டான், லைனிங்குக்குக் குடுத்தேன். அதுல இன்னா தப்பு? ஒரு கை ஒடஞ்சி கெடக்குது, ஒத்தக் கையால தாம்பாளம் குடுக்கக்கூடாதுன்னு கட்டு போட்ட கையையும் சேத்து வச்சிக் குடுத்தேன். பொம்பள கை இல்லாட்டியும் பரவால்லன்னு வாங்கிக்கினான். அவன் ஆளே ஓட்டியாந்து வுட்டுட்டான்."

தம்பி வாசற்படியிலேயே நின்று சொன்னான். "மாமா, நேத்து நான் சொன்னது பொய்யி. மொத மிதி இல்ல."

வீட்டுக்காரர் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டின் துணியை விரலால் நீவிக்கொண்டிருந்தார். தம்பி இரவு சாப்பிடாமல் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டான். வாசலில் லாரி நின்ற இடத்தை நான் பார்க்காமலே இருந்தேன். பார்த்தால் அது நகர்ந்திருக்கும் என்று ஒரு எண்ணம்.

காலையில் செங்கல் சூளைக்காரர் வந்தார். வண்டி ரிப்பேர் முடிந்து வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். கூடவே ஒரு டிரைவர், நான் முன்பின் பார்க்காத ஆள். "உனக்குத்தான் கை ஆவாதே. டிரைவர் நம்ம ஆளு. லோடு நெறைய கெடக்குது, வண்டியக் குடு" என்று வாசலில் நின்றபடியே சொன்னார். ஒரு மாதமாக வேலையில்லாமல் கிடந்த வீடு. உள்ளே அரிசிப் பானையின் நிலைமை எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. பட்டறையில் கத்தியது போதும் என்றிருந்தது.

அந்த டிரைவர் பேச்சு முடிகிற வரைக்கும் காத்திருக்கவில்லை. போய்க் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். வயசுப் பையன்தான். வெள்ளைப் பல் தெரியச் சிரித்தான்.

வீட்டுக்காரர் திறந்த கதவு வழியாக அந்தப் பையன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எறங்குபா" என்றார்.

"ஏண்ணா?"

"எறங்குன்றேன் இல்ல!"

சூளைக்காரர் திகைத்துவிட்டார். "இன்னாய்யா ஆச்சு?"

"வண்டி வராது. பிரேக் இல்ல."

"நேத்துதானே ரிப்பேர் பண்ணி வந்துச்சு?"

"ஆமா" என்றார் என் வீட்டுக்காரர். "காசும் குடுத்தாச்சு."